மாண்டு அரண்மனை அடுக்களையும் கொங்குநாட்டுக் கெண்டியும்

1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் ஷஹீதானார். அதன் விளைவாகக் கோயம்புத்தூர்ச் சீமை கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிக்குட்பட்டதை நாம் அறிவோம். திப்புவின் நூலகமும் அப்போதே கும்பினியின் கைக்குப் போயிற்று. அந்நூல்களுள் ஒன்றான 'நிஃமத் நாமா' இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.

மால்வாவை 1469 முதல் 1500 வரை ஆண்ட சுல்தான் கியாத் ஷாவுக்காக மாண்டு நகரில் தொடங்கப்பெற்று, அவர் மைந்தர் நாசிர் ஷா காலத்தில் நிறைவெய்திய சமையல் நூல் அது. அதில் 50 ஓவியங்கள் உள்ளன. சுல்தானும் பணிப்பெண்களும் அவற்றில் இடம்பெறுகின்றனர். ஆயினும் அடுப்பேறிய பானை, தட்டு, கிண்ணம் ஆகியவற்றுக்கும் ஓவியர் உரிய இடம் தந்துள்ளார். நிறப்பொடியைப் பிசினில் குழைத்து நீரில் கரைத்துத் தீட்டும் முறையே இத்தகைய சிற்றோவியங்களின் அடிப்படை. இன்றைய நீர்வண்ணத்திற்கும் அதுவே அடிப்படை.

உருவப்படம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஓவியத் தொழிலால் வாழ்ந்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) வழிகாட்டிய செய்தி புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. ஆகவே வீட்டுப் பொருள்கள் முஸ்லிம் ஓவியர் தயக்கமின்றிக் கால்வைக்கக்கூடிய களமாகும். இக்களத்தை நாம் போதிய அளவு பயன்படுத்திக்கொண்டோமா?

1800இல் கும்பினிக்காகக் கொங்குநாட்டைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன் மண்வளத்தையும் உழவையும் நெசவையும் விரிவாக எழுதினார். தஞ்சை, திருச்சி ஓவியர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளுக்காகப் பல்வேறு தொழிலாளரை அவரவர் கருவிகளுடன் நீர்வண்ணத்தில் தீட்டினர். இவையெல்லாம் ஆள வந்தோரின் தேவைக்கேற்ப எழுந்த பதிவுகள். நம் வீட்டு அடுக்களையை நமக்காகப் பதிவுசெய்வது நம் பொறுப்பே.

ஒளூச் செய்த செம்புக் கெண்டி, பலர் ஒன்றாயமர்ந்து உண்ட சஹன், குர்ஆன் ஓதிய ரெஹால், பாட்டியின் பாக்குவெட்டி ஆகியவை கோவையிலும் பல்லடத்திலும் உடுமலையிலும் பழைய வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. எடைக்கு எடை விலைபோகின்றன. பொருள் போனால் அதன் பெயரும் வழக்கிலிருந்து மறையும். மாண்டு அரண்மனையின் அடுக்களைக் காட்சி ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் கண்முன் நிற்பதற்குக் காரணம், அது தாளில் ஏறியதே. நம் வீட்டுக் கெண்டி பழைய பாத்திரக் கடைக்குச் செல்லுமுன், வண்ணப்பெட்டி வைத்திருக்கும் நம் பிள்ளைகள் அதனைத் தாளில் வரைந்து, அடியில் அதன் பெயரையும் ஊரையும் எழுதி வைப்பார்களாக.