காலத்தை ஆள்வோர் யார்? இலங்கைப் பாராளுமன்ற விசாரணைகளின் தாமதம் பற்றிய ஓர் ஆய்வு

அரசியலை வகுத்துரைத்த திருவள்ளுவர், காலமறிதலுக்கெனத் தனியே ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். முடியாட்சிக் காலத்து அறிவுரையேயாயினும் அது குடியாட்சிக்கும் பொருந்துவதாகும். ஆட்சியாளரின் செயல்களை மக்கள் மன்றம் ஆராயப் புகுங்கால், அவ்வாராய்ச்சியின் காலம் யார் கையில் உள்ளது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகின்றது. இலங்கைப் பாராளுமன்றத்தின் விசாரணைகள் மந்தகதியில் நடப்பதற்கு உறுப்பினரின் சோம்பலே காரணமென்பர் பலர். வரலாற்றை நோக்கின், காரணம் அதனினும் ஆழமானதென்பது புலனாகும்.

தாமதம் நமக்கே உரிய குறையன்று. இந்தியாவில் கவர்னர் ஜெனரலாயிருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது பிரித்தானியப் பாராளுமன்றம் தொடுத்த குற்ற விசாரணை 1788 ஆம் ஆண்டு பெப்ருவரியில் தொடங்கி, 1795 ஆம் ஆண்டு ஏப்பிரலில் அவரது விடுதலையோடு முடிந்தது. ஏழாண்டுகள் கழிந்தமையால் விசாரணையின் மீதிருந்த மக்களின் ஆர்வமும் தணிந்துபோயிற்று. ஆயினும், அங்கே விசாரிக்கப்பட்டவருக்கு விசாரிக்கும் மன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் இருக்கவில்லை. நம் நாட்டு நிலையோ வேறு.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, நிறைவேற்றதிகாரம் கொண்ட சனாதிபதியைப் பாராளுமன்றத்துக்குப் பொறுப்புடையவரெனக் கூறுகின்றது. அதே அரசியலமைப்பு, பாராளுமன்றத்தைக் கூட்டவும், கூட்டத்தொடரை முடிவுறுத்தவும், சில வரையறைகளுக்குட்பட்டு அதனைக் கலைக்கவும் அவருக்கே அதிகாரமளிக்கின்றது. கணக்குக் கேட்கும் சபையின் கடிகாரம், கணக்குக் கொடுக்க வேண்டியவரின் கையில் இருக்கின்றது என்பதே இதன் பொருள்.

இதன் விளைவை 1991 ஆம் ஆண்டு நாடு கண்டது. சனாதிபதி ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிரான குற்றப் பிரேரணை அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியிற் சபாநாயகர் எம். எச். முகம்மதுவிடம் கையளிக்கப்பட்டது. அதன் முன்னணியில் நின்றோர் லலித் அத்துலத்முதலியும், 1977 இல் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியினின்றும் தெரிவாகியிருந்த காமினி திசாநாயக்கவுமாவர். சில நாள்களுள் சனாதிபதி கூட்டத்தொடரை முடிவுறுத்தினார். இவ்விடைக்காலத்திற் கையொப்பமிட்டோர் சிலர் பின்வாங்கினர். ஒக்டோபரில், செல்லுபடியான கையொப்பங்கள் போதியளவு இல்லையெனச் சபாநாயகர் பிரேரணையைத் தள்ளினார். முன்னின்றோர் கட்சியினின்றும் நீக்கப்பட்டுத் தம் ஆசனங்களையும் இழந்தனர். குற்றச்சாட்டுகள் மெய்யோ பொய்யோ என்பது விசாரிக்கப்படாமலே போயிற்று.

மத்திய வங்கி முறி விவகாரம் இரண்டாவது சான்றாகும். 2015 பெப்ருவரி 27 ஆம் திகதி, நூறு கோடி ரூபாவுக்கென அறிவிக்கப்பட்ட முப்பதாண்டு முறி ஏலத்தில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட தொகை ஏற்கப்பட்டது. டி. ஈ. டபிள்யூ. குணசேகர தலைமையிலான கோப் குழு இதனை ஆராய்ந்துகொண்டிருந்த வேளை, ஜூன் 26 ஆம் திகதி சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். அறிக்கை சபைக்கு வராமலே அக்குழு மறைந்தது. தேர்தலின் பின் சுனில் ஹந்துன்னெத்தி தலைமையில் அமைந்த புதிய குழு 2016 ஒக்டோபரிலேயே அறிக்கை சமர்ப்பித்தது. அதிலும் ஆளுங்கட்சி உறுப்பினர் தம் மாற்றுக் கருத்துகளை அடிக்குறிப்புகளாகச் சேர்த்தனர். 2017 சனவரியில் நியமிக்கப்பட்ட சனாதிபதி ஆணைக்குழு அவ்வாண்டு இறுதியில் அறிக்கையளித்தது. 2018 இல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தபோது, முன்னாள் ஆளுநர் அர்ச்சுன மகேந்திரன் நாட்டில் இருக்கவில்லை.

இத்தாமதத்தின் விலையை யார் கொடுத்தனர்? 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ஊழியர் சேமலாப நிதியம், அம்முறிகளை இடைச்சந்தையிற் கூடிய விலைக்கு வாங்கி நட்டமுற்றது. நிதியமும் ஏனைய அரச நிறுவனங்களும் இழந்த தொகை 850 கோடி ரூபாவுக்கு மேற்பட்டதென ஆணைக்குழு கண்டது. நம் தோட்டத் தொழிலாளர் பலரின் முதுமைக்காலச் சேமிப்பும் இந்நிதியத்திலேயே உள்ளது. குடியியற் பாடத்தில் இதனை விளக்கியபோது, கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகன், "அம்மா ஓய்வு பெறுவதற்கு முன்னர் இந்த விசாரணை முடிந்துவிடுமா, சேர்?" என வினவினான். யான் விடையிறுக்க இயலாது நின்றேன்.

விரைவு இயலாததன்று என்பதற்கும் சான்றுண்டு. 2019 ஏப்பிரல் 21 ஆம் திகதி நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை ஆராய்ந்த தெரிவுக்குழு, மே மாதத்தில் நியமனம் பெற்று ஒக்டோபரில் அறிக்கையளித்தது. சனாதிபதி அக்குழுவை வெளிப்படையாக எதிர்த்தார். எனினும் செப்டெம்பரில் அவரே சாட்சியமளிக்க நேர்ந்தது. அப்போது சபையின் பெரும்பான்மை சனாதிபதியின் பிடியில் இல்லாமையும், அவ்வாறு முடிந்ததற்கு முக்கிய காரணமாகும். அதிகாரமும் பெரும்பான்மையும் ஒரு கையில் சேர்ந்திருக்கையில் விசாரணை ஊர்கின்றது, பிரிந்திருக்கையில் நடக்கின்றது.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். அவசர நீதி அநீதியாகும். குற்றஞ்சாட்டப்பட்டோரும் தம் பக்கத்தை உரைக்க வாய்ப்புப் பெறல் வேண்டும் என்பர். மறுப்பதற்கில்லை. ஆயின், உண்மையைத் தேடுதற்கு எடுக்கும் காலம் வேறு; உண்மையைத் தடுத்தற்கு எடுக்கும் காலம் வேறு. ஆவணங்களை ஆராய்வதிற் கழியும் ஓராண்டை எவரும் குறைகூறார். குழு கலைந்து, மீண்டும் அமைந்து, தொடக்கத்திலிருந்து ஆராய்வதிற் கழியும் ஓராண்டே குறைகூறத் தக்கது.

எனவே சீர்திருத்தம் இவ்விடத்திலேயே தொடங்கல் வேண்டும். சபை கலைந்தாலும் குழு பெற்ற சாட்சியங்கள் அழியாது அடுத்த குழுவைச் சேர்தல் வேண்டும். அறிக்கை வெளிவந்தபின் குறித்த தவணைக்குள் அதன்மேல் நடவடிக்கை எடுக்கப்படல் வேண்டும். எடுக்காவிடில் அதன் காரணம் சபைக்கு உரைக்கப்படல் வேண்டும்.

திம்புள்ள மலைகளில் வாழும் நாம் ஒன்றை நன்கறிவோம். பறித்த கொழுந்து அன்றே நிறுக்கப்பட்டுத் தொழிற்சாலையைச் சேர்தல் வேண்டும். சாக்கில் அடைபட்டுக் கிடப்பின் சூடேறிச் சிவந்துவிடும். சாட்சியமும் அத்தகையதே. அதனை உரிய காலத்தில் நிறுக்குமாறு கேட்கும் உரிமை, அதற்கு விலைகொடுத்த மக்களுக்கு உண்டு.