பீத்தோவனின் 1814ஆம் ஆண்டு அறையிசை நிகழ்ச்சி: சான்றுகளின் மதிப்பீடு

முன்னுரை

அறையிசை என்பது, நடத்துநர் இன்றிச் சில கலைஞர்கள் கூடி இசைக்கும் மேலையிசை வடிவமாகும். ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டு இயைந்து செல்வதே அதன் அடிப்படை. செவித்திறன் குன்றிய நிலையில் பீத்தோவன் (1770–1827) அத்தகைய இசையில் பங்கேற்றதை 1814 ஏப்ரல் 11 அன்று வியன்னாவில் நடைபெற்ற நிகழ்ச்சி காட்டுகிறது. அது குறித்த இரு சான்றுகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

படைப்பும் அரங்கேற்றமும்

பியானோ, வயலின், செல்லோ ஆகியவற்றுக்கான 'ஆர்ச்டியூக்' மூவிசையைப் (படைப்பு எண் 97) பீத்தோவன் 1811இல் இயற்றினார். தம் மாணவரும் புரவலருமான ஆஸ்திரிய இளவரசர் ருடால்ஃபுக்கு அதனைக் காணிக்கையாக்கினார். 1809ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பீத்தோவனுக்கு ஆண்டுதோறும் 4000 புளோரின் வழங்க இசைந்த மூவருள் ருடால்ஃபும் ஒருவர். இவ்வாறு உயர்குடியினரின் ஆதரவில் பிறந்த படைப்பு, 'ரோமானியப் பேரரசர்' என்னும் விடுதியில் அறக்கொடைக்காக நடந்த நிகழ்ச்சியில் அரங்கேறியது. ஷுப்பான்சிக் வயலினும் லிங்கே செல்லோவும் வாசிக்க, பீத்தோவனே பியானோ வாசித்தார்.

இரு சான்றுகள்

வயலின் கலைஞர் ஷ்போர், பீத்தோவன் இல்லத்தில் தாம் கேட்ட ஒத்திகையொன்றைத் தன்வரலாற்றில் விவரிக்கிறார். பியானோ சுருதி கலைந்திருந்தது. உரத்த இடங்களில் தந்திகள் அதிர்ந்து ஒலித்தன. மென்மையான இடங்களில் சுரங்களே கேட்கவில்லை என்பது அவர் கூற்று. இது ஏப்ரல் நிகழ்ச்சியோடு இணைத்தே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. ஆயினும், அவர் சுட்டும் மூவிசை டி மேஜரில் அமைந்தது. 'ஆர்ச்டியூக்' பி ஃபிளாட் மேஜரில் அமைந்தது. மேலும், அந்நூல் அவர் மறைவுக்குப் பின்னர் 1860–61இல் வெளிவந்ததாகும்.

நிகழ்ச்சியை நேரில் கேட்ட பியானோ கலைஞர் மோஷெலஸின் நாட்குறிப்போ வேறு தொனியுடையது. வாசிப்பில் தெளிவும் துல்லியமும் குறைந்திருந்தமையை அவரும் மறைக்கவில்லை. எனினும், படைப்பின் புதுமையையும் வாசிப்பில் எஞ்சியிருந்த பெருநடையின் சாயல்களையும் அவர் உணர்ந்து பதிவு செய்துள்ளார்.

முடிவுரை

ஒத்திகையில் கண்டதை அரங்கிற்கும் பொருத்திக் கூறுவது சான்றுநெறிக்கு ஒவ்வாது. பீத்தோவனின் விரல்திறன் தளர்ந்தது உண்மை; ஆனால் அரங்கில் அவருடைய கலை முற்றிலும் அழிந்துவிட்டது என்பதற்கு மோஷெலஸின் குறிப்பு இடந்தரவில்லை. சில வாரங்களில் அதே மூவிசையை மீண்டும் வாசித்த பின், பொது அரங்கில் அறையிசை வாசிப்பதை அவர் கைவிட்டார். ஷுப்பான்சிக்கும் லிங்கேயும் இடம்பெற்ற குழு, 1825 மார்ச் 6 அன்று அவருடைய தந்தி நால்விசையை (படைப்பு எண் 127) அரங்கேற்றியது. செவி கைவிட்ட பின்னரும் அவரது இசை பழைய தோழர்களின் கைகளில் தொடர்ந்தது.