அரசியல் நிர்ணய சபையில் மரண தண்டனை: அம்பேத்கரின் நிலைப்பாடு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இந்தியாவில் மரண தண்டனை ஒழிப்புப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் டாக்டர் பி. ஆர். அம்பேத்கரின் பெயர் மேற்கோளாக முன்வைக்கப்படுகின்றது. நாட்டின் அரசமைப்புச் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவரே அத்தண்டனையை அறவே நீக்குவது நன்று எனக் கூறினார் என்பது உண்மையே. ஆயினும், அவர் அதனை எந்தச் சூழலில், எந்தக் கோரிக்கைக்கு விடையாகக் கூறினார் என்பது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. ஒழிப்பை ஆதரித்த அவ்வுரை, மேல்முறையீட்டு உரிமை கோரிய உறுப்பினர்களுக்கு அளிக்கப்பட்ட மறுமொழியாகும். இச்சூழலோடு சேர்த்து நோக்கும்போதுதான் அவருடைய நிலைப்பாட்டின் வலிமையும் அதன் வரலாற்று விளைவும் ஒருங்கே விளங்கும் என்பதை இக்கட்டுரையில் நிறுவ முற்படுகின்றோம்.

விடுதலைக்கு முந்திய நிலை

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் கொலைக் குற்றத்திற்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என இரண்டையும் விதித்தது. மலேசிய, சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டங்களும் இச்சட்டத்தின் வழிவந்தவையே என்பதை நம் வாசகர்கள் அறிவர். எனினும், இவ்விரு தண்டனைகளும் சமநிலையில் வைக்கப்படவில்லை. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, மரண தண்டனைக்குரிய குற்றத்தில் ஒருவருக்கு அத்தண்டனையை விதிக்காமல் விடும் நீதிபதி, விடுவதற்கான காரணத்தை எழுத்தில் தரவேண்டியிருந்தது. தூக்கு இயல்பான தண்டனையாகவும், உயிரை விட்டுவைத்தல் விளக்கம் வேண்டிய விதிவிலக்காகவும் கருதப்பட்டமையை இது காட்டுகின்றது.

இந்நிலைக்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. 1931ஆம் ஆண்டில் பீகாரைச் சேர்ந்த கயா பிரசாத் சிங் மரண தண்டனையை ஒழிக்கும் மசோதாவொன்றை மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவர முயன்றார், முயற்சி தோல்வியுற்றது. அதே ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பகத்சிங்கும் அவருடைய தோழர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். சில நாள்களுக்குள் கூடிய கராச்சி காங்கிரஸ் மாநாடு, அடிப்படை உரிமைகள் பற்றிய தன் தீர்மானத்தில், விடுதலை பெற்ற இந்தியாவில் மரண தண்டனை இராது என்பதையும் ஒரு கூறாகச் சேர்த்தது. எனவே, அரசியல் நிர்ணய சபை கூடிய காலத்தில் ஒழிப்பு என்பது புதிய கருத்தன்று. ஆளுங்கட்சி முன்னரே நாட்டுக்கு அளித்திருந்த வாக்குறுதியாகும். ஆனால், 1948ஆம் ஆண்டில் இசட். எச். லாரி என்னும் உறுப்பினர் அதனை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக்க முனைந்தபோது சபை அதனை ஏற்கவில்லை.

1949 ஜூன் விவாதம்

மரண தண்டனை மீண்டும் விவாதத்திற்கு வந்தது உச்ச நீதிமன்றத்தின் அதிகாரங்களை வகுக்கும் கட்டத்திலாகும். இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலின் இடத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவிருந்தது. தூக்குத்தண்டனை பெற்ற ஒவ்வொருவருக்கும் அங்கு மேல்முறையீடு செய்யும் உரிமை வேண்டுமென உறுப்பினர்கள் சிலர் வலியுறுத்தினர்.

அவர்களுள் பேராசிரியர் சிப்பன் லால் சக்சேனாவின் உரை தனித்து நோக்கத்தக்கது. விடுதலைப் போராட்டக் காலத்தில் மரண தண்டனைக் கைதிகளுக்குரிய சிறைக்கூடத்தில் இருந்தவர் அவர். குற்றமற்றவர்கள் கொலையாளிகளாகத் தூக்கிலிடப்பட்டதைத் தாம் கண்டதாக அவர் சபையில் எடுத்துரைத்தார். சிறப்பு அனுமதி பெற்று உச்ச நீதிமன்றம் செல்லும் வழி செல்வர்க்கே திறந்திருக்கும். பொருளற்ற ஏழைக்கு அது பயன்படாது என்பது அவருடைய வாதத்தின் சாரமாகும்.

ஜூன் 3ஆம் நாள் அம்பேத்கர் விடையளித்தார். மரண தண்டனை வழக்குகளுக்கென மேல்முறையீட்டு அதிகாரத்தை உச்ச நீதிமன்றத்திற்கு வழங்குவதைவிட, அத்தண்டனையையே ஒழிப்பதைத் தாம் ஆதரிப்பதாகவும், அதுவே இச்சர்ச்சைக்கு முடிவு கட்டும் எனவும் அவர் கூறினார். இந்நாட்டு மக்கள் அகிம்சையை நடைமுறையில் பின்பற்றாதிருக்கலாம். எனினும், இயன்ற அளவு கடைப்பிடிக்க வேண்டிய அறக்கட்டளையாக அதனை ஏற்றுள்ளனர். ஆதலால், மரண தண்டனையை முற்றாக நீக்குவதே இந்நாட்டுக்குத் தகும் என்பது அவர் காட்டிய காரணமாகும்.

இவ்விடத்தில் காலச்சூழலையும் நினைவிற்கொள்ள வேண்டும். காந்தியடிகளைக் கொன்ற வழக்கில் நாதுராம் கோட்சேக்கும் நாராயண் ஆப்தேக்கும் 1949 பிப்ரவரியிலேயே தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அம்பேத்கர் பேசிய நாளில் அவர்களின் மேல்முறையீடு பஞ்சாப் உயர் நீதிமன்றத்தின் முன் இருந்தது. நாடு முழுவதும் அவ்வழக்கை உற்று நோக்கியிருந்த வேளையில் சட்ட அமைச்சர் ஒருவர் ஒழிப்பை ஆதரித்துப் பேசியமை எளிதன்று.

அறநெறியும் விதியும்

அம்பேத்கரின் அகிம்சை வாதத்தைக் காந்தியத்தின் எதிரொலியாகக் கொள்வது பொருந்தாது என்பது எம் கருத்து. அவர் மறைவுக்குப் பின் 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில், புத்தர் அகிம்சையை விதியாக ஆக்கவில்லை, நெறியாகவே போதித்தார் என அவர் விளக்குகின்றார். விதி மனிதனைக் கட்டிப்போடுகின்றது. நெறியோ ஆய்ந்து செயற்படும் உரிமையை அவனுக்குத் தருகின்றது. ‘புத்தரா, கார்ல் மார்க்ஸா’ என்னும் கட்டுரையில் சிம்மன் என்ற சேனாபதி எழுப்பிய வினாவுக்குப் புத்தர் தந்த விடையை எடுத்துக்காட்டி, குற்றவாளியைத் தண்டிப்பது அகிம்சைக்கு முரணாகாது என்பதையும் ஏற்கின்றார்.

ஆக, தண்டனை என்பதையே மறுத்தவரல்லர் அம்பேத்கர். தண்டிக்கும் அரசின் உரிமையை ஏற்றவாறே, உயிரைப் பறிக்கும் தண்டனையை வேண்டாவென்றவர். 1949ஆம் ஆண்டின் உரையில் காணப்படும் ‘இயன்ற அளவு’ என்னும் வரையறையை இப்பின்புலத்தில் வைத்து நோக்கும்போது அதன் பொருள் தெளிவாகின்றது. தூக்கு இன்றியே குற்றத்தைத் தண்டிக்க ஓர் அரசுக்கு இயலுமாயின், அவ்வாறு செய்வதே நெறி எனலாம்.

உரையின் விளைவு

உரை ஒழிப்பை வேண்டியது; ஆனால், ஒழிப்பு நிகழவில்லை. சக்சேனா போன்றோர் வேண்டிய முழு மேல்முறையீட்டு உரிமையும் கிட்டவில்லை. பின்னர் ஏற்கப்பட்ட அரசமைப்பின் 134ஆம் உறுப்பு, உயர் நீதிமன்றம் விடுதலைத் தீர்ப்பை மாற்றித் தூக்கு விதித்தாலோ, கீழ்நீதிமன்றத்தினின்று வழக்கைத் தானே எடுத்து விசாரித்துத் தூக்கு விதித்தாலோ மட்டுமே அதனை உரிமையாக வழங்கியது. அமர்வு நீதிமன்றம் விதித்த தூக்கை உயர் நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டால், கைதி சான்றிதழையோ சிறப்பு அனுமதியையோ நாட வேண்டியவரானார். ஏழைக்கு எட்டாது எனச் சக்சேனா சுட்டிய வழி அதுவே.

கோட்சேயும் ஆப்தேயும் 1949 நவம்பர் 15ஆம் நாள் அம்பாலா சிறையில் தூக்கிலிடப்பட்டனர். பதினொரு நாள்களுக்குப் பின், நவம்பர் 26ஆம் நாள், சபை அரசமைப்பை ஏற்றது.

பின்வந்த மாற்றங்கள் மெல்ல நிகழ்ந்தன. உயிரை விட்டுவைத்தமைக்குக் காரணம் எழுதும் விதி 1955ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டம் அதனைத் தலைகீழாக்கி, தூக்கு விதிப்பதற்கே சிறப்புக் காரணம் வேண்டுமென்றது. 1980ஆம் ஆண்டில் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தண்டனை அரசமைப்புக்கு முரணாகாது எனினும் அரிதினும் அரிதான வழக்குகளிலேயே விதிக்கப்பட வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 2014ஆம் ஆண்டில், மரண தண்டனைக் கைதிகளின் மறுஆய்வு மனுக்களை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் கேட்டறிய வேண்டுமென அந்நீதிமன்றம் கட்டளையிட்டது. 2015ஆம் ஆண்டில் சட்ட ஆணையத்தின் 262ஆவது அறிக்கை, பயங்கரவாதக் குற்றங்கள் நீங்கலாக ஏனையவற்றுக்கு ஒழிப்பைப் பரிந்துரைத்தது. எனினும், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா மரண தண்டனையைத் தக்கவைத்துள்ளது.

தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, தூக்குத்தண்டனை பெற்றோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தோர் எனக் கண்டது. சக்சேனாவின் அச்சத்தை அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் வந்த இக்கணக்கு நினைவூட்டுகின்றது.

முடிவுரை

அம்பேத்கரின் நிலைப்பாடு அறத்தால் உயர்ந்தது. சட்ட வல்லுநருக்குரிய துணிவும் உடையது. அதே வேளையில், முழுமையான தீர்வை முன்வைத்து இடைக்காலப் பாதுகாப்பைத் தள்ளிவைக்கும்போது நேரக்கூடிய இழப்பையும் அவ்விவாதம் நமக்கு உணர்த்துகின்றது. ஒழிப்பு வரும்வரை தூக்குமேடையின் முன் நிற்பவனுக்கு எஞ்சியிருப்பது மேல்முறையீடே. எனவே, வகுப்பறைகளில் அம்பேத்கரின் உரையை எடுத்தாளும் ஆசிரியர்கள், சக்சேனாவின் உரையையும் அதனோடு சேர்த்தே அறிமுகப்படுத்துதல் தகும். வினாவை அறியாதார்க்கு விடையின் முழுப்பொருளும் புலப்படாது.