ஸ்பியன் கோப் போரில் மாண்ட ஒரு சிப்பாயின் வாழ்வைத் தேடுதல்

ஸ்பியன் கோப் என்பது தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டுகேலா ஆற்றின் அருகே உள்ள ஒரு குன்று. இரண்டாம் போயர் போரின்போது (1899–1902) முற்றுகைக்குள்ளான லேடிஸ்மித் நகரை மீட்க வந்த பிரித்தானியப் படை, 1900 சனவரி 23 இரவில் இருளிலும் மூடுபனியிலும் இக்குன்றின் மேல் ஏறியது. பாறை நிலமாதலால் ஆழமான பதுங்குகுழி வெட்ட முடியவில்லை. மறுநாள் காலையில் பனி விலகியதும், சுற்றியிருந்த குன்றுகளிலிருந்து போயர்கள் சுட்டனர். சுமார் 240 பிரித்தானிய வீரர்கள் மாண்டனர். பலர் தாம் போரிட்ட அதே பதுங்குகுழியிலேயே புதைக்கப்பட்டனர்.

மாண்டவர்களில் பலர் இங்கிலாந்தின் லங்காசயர் மாவட்டத்தினர். 1906இல் லிவர்பூல் கால்பந்துக் கழகத்தின் ஆன்ஃபீல்டு திடலில் எழுந்த பார்வையாளர் மேடைக்கு இக்குன்றின் பெயரே சூட்டப்பட்டது. மேடையின் பெயரை உலகம் அறியும். மாண்ட சிப்பாயை அவருடைய ஊரே மறந்திருக்கும்.

இத்தகைய ஒருவரின் வாழ்வை ஆராய்வோர் பெரும்பாலும் ஊரின் நினைவுக்கல்லில் உள்ள பெயரிலிருந்தே தொடங்குகின்றனர். முதல் தடை விரைவிலேயே எதிர்ப்படுகிறது. லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பணி ஆவணங்கள் முதன்மையாகப் படையிலிருந்து விடுவிக்கப்பட்டோருக்கு உரியவை. ஆகவே பணியிலேயே இறந்தவரின் தாள்கள் பெரும்பாலும் எஞ்சவில்லை. உயிர் பிழைத்தவரின் உயரமும் கண்ணின் நிறமும்கூடத் தெரியவரும். மாண்டவருக்கோ பதக்கப் பட்டியலில் படை எண்ணும் ஒரு சிறு குறிப்புமே மிஞ்சும்.

எனவே தேடல் போர்க்களத்தை விட்டு வீட்டை நோக்கித் திரும்ப வேண்டும். 1881, 1891 ஆண்டுகளின் குடிக்கணக்கு ஏடுகள் பெற்றோர், உடன்பிறந்தோர், தொழில், தெரு ஆகியவற்றைத் தரும். தேவாலயத் திருமுழுக்குப் பதிவேடும் உள்ளூர் நாளிதழும் அவற்றை நிரப்பும். ஒரே பெயருடையோர் பலர் இருப்பர் என்பதால், படை எண்ணும் படைப்பிரிவும் பொருந்திய பின்னரே இருவரும் ஒருவரே என முடிவு செய்தல் வேண்டும்.

இப்போரில் காந்தி அமைத்த இந்திய ஆம்புலன்சு அணியில் சுமார் 1,100 பேர் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். ஸ்பியன் கோப்பில் காயமுற்றோரைச் சுமந்தவர்களும் இவர்களே. படுகாயமுற்று இறந்த தளபதி வுட்கேட்டின் பெயர் வரலாற்று நூல்களில் உள்ளது. சிப்பாயின் பெயரோ ஒரு கல்லில் மட்டுமே உள்ளது. டோலி சுமந்தோர் பலருக்கு அந்தக் கல்லும் இல்லை. ஒரு சாதாரண வீரரின் வாழ்வை ஆராய்பவர், யாருடைய பெயர் எழுதப்பட்டது, யாருடையது விடுபட்டது என்பதையும் சேர்த்தே பதிவு செய்தல் வேண்டும்.