ஐப்பசியில் ஒரு வெள்ளைப் புகை!

விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசம் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால், வயதான ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். ‘‘அந்தக் காலத்துல திண்டிவனத்துல ஏறி மெட்ராஸுக்கு எந்த ரயில்ல போனீங்க?’’

‘‘மீட்டர் கேஜ்தான்!’’ என்று பதில் வரும். உடனே அடுத்த கேள்வி: ‘‘அதை ஒரு போட்டோ எடுத்து வெச்சிருக்கீங்களா?’’ சிரிப்பார். தினமும் ஓடுகிற ரயிலை யாராவது போட்டோ எடுப்பார்களா என்ன? அகலப்பாதை வந்தது. பழைய பாதை போனது. படமும் இல்லை!

ஆனால், அதே ஒரு மீட்டர் அகலப் பாதையில் இன்னமும் நீராவி இன்ஜின் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற இடம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயில்! அதன் குட்டிப் பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் பலரும் ‘நேரோ கேஜ்’ என்றே நினைக்கிறார்கள். இல்லை. அகலத்தில் அது திண்டிவனம் ரயிலுக்குக் கூடப்பிறந்த தம்பி.

நிஜமான குறுகிய பாதை டார்ஜிலிங்கில் இருக்கிறது. 1881-ல் வந்த அதன் அகலம் வெறும் 2 அடி. நம்மிடமும் ஒன்று இருந்ததே... தெரியுமா? 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு இரண்டரை அடி அகலத்தில் ஒரு சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர் வந்தது. 1941-ல் அந்த ரயிலுக்கு மூடுவிழா! அதன் படம் ஒன்றாவது உங்கள் கண்ணில் பட்டிருக்கிறதா? யோசித்துப் பாருங்கள்.

ஊட்டி ரயிலின் கதை வேறு. 1854-லேயே யோசனை பிறந்துவிட்டது. மலையைப் பார்த்து மலைத்துப்போய், வேலை தொடங்கியதோ 1891-ல்! 1899-ல் குன்னூர் வரை ரயில் போனது. 1908-ல் ஊட்டியைத் தொட்டது. 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு 2,203 மீட்டருக்கு ஏறவேண்டும். தூரம் 46 கிலோமீட்டர்தான். அதற்குள் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள்!

வழுக்காமல் எப்படி ஏறுகிறது? கல்லாறிலிருந்து குன்னூர் வரை, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டைகள் ஓடுகின்றன. இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் இன்ஜினீயரின் மூளை அது. இன்ஜின்களும் சுவிட்சர்லாந்தில் செய்தவைதான். நான்கு சிலிண்டர்கள். இரண்டு, வழக்கமான சக்கரங்களை ஓட்டும். அங்கே வேலை முடித்த நீராவியை வீணாக்காமல் மற்ற இரண்டுக்கும் அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுழற்றுவார்கள். சிக்கனம்!

கேமராவோடு போகிறவர்கள் முதலில் ஏமாறுவது இங்கேதான். ஏறும்போது இன்ஜின் முன்னால் இருக்காது, பின்னாலிருந்து தள்ளும். முன்னால் வருவது கையில் கொடியோடு நிற்கிற பிரேக்ஸ்மேன்! குன்னூருக்கு மேலே வழக்கமாக டீசல் இன்ஜின் என்பதால், நீராவிப் படம் வேண்டுமானால் அதற்குக் கீழேயே காத்திருக்க வேண்டும். ஹில்குரோவ் போன்ற ஸ்டேஷன்களில் ரயில் தண்ணீர் குடிக்க நிற்கும். அதுதான் சந்தர்ப்பம்.

சரி, எந்த மாதம் போகலாம்? டார்ஜிலிங் என்றால் பதில் சுலபம். மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பரில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். ரயிலுக்குப் பின்னால் கஞ்சன்ஜங்கா பனிமுகடே வந்து நிற்கும். வெளிநாட்டுக்காரர்கள் ‘இலையுதிர் காலம்’ என்று கேமராவைத் தூக்குவதும் அப்போதுதான். நமக்கோ அது ஐப்பசி. அடைமழை!

ஆனால், ஒரு விஷயம். நீராவி உண்மையில் கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கிற வெள்ளை மேகம், நீராவி குளிர்ந்து மாறிய துளிகள். சித்திரை வெயிலில் அது வெளியே வந்த வேகத்தில் காணாமல் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையின் ஈரக் குளிரிலோ... பொங்கிப் பொங்கிச் சுருண்டு, மரங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டு நிற்கும். படம் எடுக்க அதைவிட நல்ல காலம் கிடையாது.

அதே ஈரம்தான் ரயிலுக்கு எமன்! மழையில் ஊறிய மண் சரிந்து பாதையில் விழும். ரயில் ரத்தாகும். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மலைப்பாதையும் சேதமாகி, மாதக்கணக்கில் ரயில் ஓடவில்லை. அழகான படத்தைத் தருகிற மழைதான் பாதையையும் தின்கிறது. மண்ணை அள்ளி, கல்லைப் புரட்டி, மறுபடி தண்டவாளத்தை நேராக்குகிற தொழிலாளர்கள் மட்டும் இல்லையென்றால் புகை ஏது, படம் ஏது? ‘ஆஹா’ என்று நாம் ரசிக்கிற படங்களில் அவர்களைத் தேடிப் பாருங்கள். அநேகமாக இருக்கமாட்டார்கள். (அவர்கள் சரிசெய்த பாதையில் நின்று செல்ஃபி எடுப்பது ஆபத்து மட்டுமல்ல, சட்டப்படி குற்றமும்கூட!)

2005-ல் யுனெஸ்கோ இந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பழைய இன்ஜின்கள் களைத்துப்போனபோது, 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையே புதிய நீராவி இன்ஜின்களைச் செய்து அனுப்பியது. இருபத்தோராம் நூற்றாண்டில் புத்தம்புது நீராவி இன்ஜின்! ஒரு ரயிலைக் காப்பாற்றவேண்டும் என்று மனசு வைத்தால் முடிகிறது என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

மொரப்பூர் ரயிலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதில் ஏறிப் போனவர்களுக்கும் ‘இது நாளைக்கு இருக்காது’ என்று தோன்றியிருக்காது. எது பாரம்பரியம் ஆகும் என்பதை ஓடுகிற நாளில் யார் கண்டது? அதனால், அடுத்தமுறை திண்டிவனம் பிளாட்பாரத்தில் காத்திருக்கும்போது, ஒன்றும் விசேஷமில்லாத அந்தப் பாசஞ்சர் ரயிலை ஒரு படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் சுத்தியலோடு நடந்துபோகிற தொழிலாளியும் அதில் இருக்கட்டும்.

உங்கள் பேரன் ஒருநாள் கேட்பான்!