சர்வீஸ் புல்லட்டின்: கம்பெனியின் காகிதம் சாட்சியான கதை

திருநின்றவூரில் அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் நான்காவது ஸ்டேஷன் திருவள்ளூர். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-இல் மிட்சுபிஷி லான்சர் கார்களைத் தயாரிக்கத் தொடங்கியது அங்கேதான். அதே ஆண்டு, தெற்கே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. இப்படிச் சுற்றிலும் கார் செய்கிற ஊர்கள்! ஆனால் கடன் வாங்கி எடுத்த புதுக் கார் மாதம் இரண்டு முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போனால்? திருநின்றவூர்க்காரர் அதற்கும் திருவள்ளூருக்குத்தான் ரயிலேற வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையம் அங்கேதான் இருக்கிறது. அங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: கோளாறு தயாரிப்பிலேயே இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?

அந்த ஆதாரம் பல நேரங்களில் கம்பெனியின் கையிலேயே இருக்கும். ஒரே மாதிரிப் புகார் பல ஊர்களிலிருந்து வந்தால், கம்பெனி தன் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பும். "இந்த மாடலில், இந்தச் சேஸிஸ் எண் முதல் இந்த எண் வரை, இப்படி ஒரு சத்தம் வரும், காரணம் இது, இந்தப் பாகத்தை மாற்றுங்கள்" என்று அதில் இருக்கும். இதற்குப் பெயர்தான் சர்வீஸ் புல்லட்டின். மெக்கானிக் படிப்பதற்காக எழுதப்பட்டது. வண்டியின் சொந்தக்காரர் கண்ணில் அது படுவதே அபூர்வம்.

இந்தக் காகிதத்தை முதலில் வெளியே இழுத்தது அமெரிக்கா. கார்கள் எவ்வளவு ஆபத்தானவை என்று ரால்ஃப் நாடர் 1965-இல் எழுதிய புத்தகம் பெரிய புயலைக் கிளப்பியது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று ஜனாதிபதி ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். குறைபாடு பற்றி டீலர்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு அறிவிப்புக்கும், புல்லட்டினுக்கும் ஒரு நகல் அரசுக்குத் தரவேண்டும் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. அப்போது யாரும் பெரிதாகப் பேசாத பிரிவு! 1982-இல் கனெக்டிகட் மாநிலம் முதல் 'லெமன்' சட்டத்தைக் கொண்டுவந்தது (ஓட்டை வண்டிக்கு அவர்கள் ஊரில் எலுமிச்சை என்று பெயர்). அதன்பின் அந்த நகல்களுக்கு மதிப்பு கூடியது. "உங்கள் ஓட்டும் முறைதான் காரணம்" என்று கம்பெனி சொல்லும்போது, அதே கோளாறை அது தன் டீலர்களிடம் ஒப்புக்கொண்ட தாளை எடுத்துக் காட்டலாமே! 2012-இல் வந்த சட்டம் இவற்றை இணையத்திலேயே வெளியிடச் சொன்னது.

நம் நாட்டில் கதை வேறு. 1986-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'குறைபாடு' என்ற சொல்லுக்கு நல்ல விரிவான விளக்கம் தந்தது. ஆனால் சோதனை இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாவிட்டால் பொருளின் மாதிரியைச் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது. சமையல் எண்ணெய்க்கு இது சரி. காரை எந்தப் பாட்டிலில் அடைப்பது? நிபுணர் அறிக்கை கொண்டுவரும் சுமை பெரும்பாலும் வாங்கியவர் தலையில் விழுந்தது. 2006-இல் மாருதி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், வாரண்டிப்படி பழுதான பாகத்தை மாற்றினால் போதும், முழுக் காரையும் மாற்ற வேண்டியதில்லை என்றது.

'ரீகால்' என்ற சொல்லே இங்கே கூச்சத்தோடுதான் நுழைந்தது. 2010 பிப்ரவரியில் எரிபொருள் பம்ப் கோளாறுக்காக மாருதி ஒரு லட்சம் ஏ-ஸ்டார் கார்களைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு சில நானோ கார்கள் தீப்பிடித்தபோது டாடா இலவசமாகக் கூடுதல் பாதுகாப்புப் பாகங்கள் பொருத்தித் தந்தது. ஆனால் இது ரீகால் இல்லை என்றது! 2012-இல் உற்பத்தியாளர் சங்கம் தானாக முன்வந்து ஒரு நெறிமுறை வகுத்தது. சட்டமாக வந்தது 2019-இல்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 110ஏ பிரிவின்படி, கம்பெனியே ஆபத்தான குறையைக் கண்டால் அரசுக்குத் தெரிவித்து வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டும். டீலருக்குப் போகும் சாதாரண புல்லட்டின் இதில் வராது.

இதற்கிடையில் ஒரு கிரெட்டா வழக்கு. இருங்காட்டுக்கோட்டையில் தயாரான மாடல்தான். 2017 நவம்பரில் டெல்லி-பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து, ஏர்பேக் விரியவில்லை, ஓட்டியவருக்குத் தலையிலும் மார்பிலும் காயம். மோதிய வேகம் போதாது என்பது கம்பெனியின் வாதம். வாங்கியவரிடம் கம்பெனியின் உள் காகிதம் எதுவும் இல்லை. நொறுங்கிய வண்டியின் படங்கள் இருந்தன. வேகத்தையும் விசையையும் கணக்கிட வாடிக்கையாளர் இயற்பியல் நிபுணர் இல்லை என்று 2022 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வண்டியை மாற்றித்தரச் சொன்ன உத்தரவும் நஷ்ட ஈடும் நிலைத்தன.

2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டம் தயாரிப்புப் பொறுப்புக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியது. வசிக்கும் ஊரிலேயே புகார் தரலாம் என்றும் ஆக்கியது. டீலர் அண்ணா சாலையில் இருந்தாலும் திருநின்றவூர்க்காரர் திருவள்ளூரிலேயே வழக்குப் போடலாம். கம்பெனியிடம் உள்ள ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. புல்லட்டின் வெளியே வர இந்தியாவில் உள்ள வழி இதுதான். கேட்டு மனுப் போட வேண்டும். வந்தாலும் அது மட்டும் போதாது. தன் சேஸிஸ் எண் அந்த வரிசைக்குள் வர வேண்டும், அதே கோளாறு ஒவ்வொரு ஜாப் கார்டிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். "ஜெனரல் செக்-அப்" என்று மட்டும் எழுதித் தந்த ஜாப் கார்டோடு திருவள்ளூரில் போய் இறங்கினால், புல்லட்டினைப் பொருத்திக் காட்ட எதுவுமே இருக்காது.