லக்சன்பர்க் அரண்மனையில் மூன்று மாதம்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், பொண்ணு தண்ணீர்ப் பங்கீடு பத்தி பிஎச்.டி. பண்றா. ஆஸ்திரியாவுல ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல மூணு மாசப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க. வேலைன்னா அனுப்பலாம், பயிற்சிக்குப் போய் என்ன சார் ஆகப்போகுது?" என்றார். நானும் யோசிக்காமல், "முதல்ல படிப்பை முடிக்கட்டும்ப்பா" என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் அந்த நிறுவனத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

பெயர் ஐயாசா. பனிப்போர் உச்சத்தில் இருந்த 1966-இல் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன், இரு அணி விஞ்ஞானிகளும் சேர்ந்து வேலை செய்ய ஓர் இடம் வேண்டும் என்று, பேச்சு நடத்த மெக்ஜார்ஜ் பண்டியை நியமித்தார். சோவியத் தரப்பில் பேசியவர் க்விஷியானி. ஆறு ஆண்டுகள் இழுத்து, 1972 அக்டோபரில் லண்டனில் 12 நாடுகளின் அறிவியல் அமைப்புகள் கையெழுத்திட்டன. கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் அதில் இருந்தன! அரசுகள் நேரடியாக உறுப்பினராகாததால்தான் இது முடிந்தது. வியன்னாவுக்குத் தெற்கே, ஹாப்ஸ்பர்க் மன்னர்களின் பழைய கோடை அரண்மனையை ஆஸ்திரியா சீர்செய்து கொடுத்தது.

1977-இல் அங்கே மாணவர்களுக்கான கோடைத் திட்டம் தொடங்கியது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதம். ஆராய்ச்சி மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி. முடிவில் சொந்தமாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். வெளியே ஏவுகணைகளைக் குவித்துக்கொண்டிருந்த நாடுகளின் பிள்ளைகள் அங்கே ஒரே கணக்கைச் சேர்ந்து போட்டார்கள். ரீகன் அரசு நிதியை நிறுத்தியபோதும் அமெரிக்கக் கலை அறிவியல் அகாதெமி உறுப்பினர் பொறுப்பை ஏற்றது, திட்டம் நிற்கவில்லை.

வெறும் ஏட்டுப் படிப்பும் இல்லை. எந்த நாடு எவ்வளவு கந்தகப் புகையைக் குறைக்க வேண்டும் என்று ஐயாசா போட்ட கணக்கை வைத்துத்தான் 1994-இல் ஆஸ்லோவில் ஐரோப்பிய நாடுகள் ஒப்பந்தம் பேசின. இன்று இந்தியாவும் ஐயாசாவில் உறுப்பினர்.

இதைப் படித்ததும் என் ஆசிரியர் பயிற்சிக் காலம் நினைவுக்கு வந்தது. கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு கிராமப் பள்ளிக்குப் போனேன். சம்பளம் கிடையாது. முதல் நாள் கை நடுங்கி சாக்பீஸ் உடைந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்த தலைமையாசிரியர், மாலையில் டீ வாங்கிக் கொடுத்து, "கரும்பலகையைப் பார்த்துப் பேசாதே தம்பி, பிள்ளைகளைப் பார்த்துப் பேசு" என்றார். புத்தகம் எதுவும் அதை எனக்குச் சொல்லித் தரவில்லை.

அதை மறந்துவிட்டு அந்தப் பெண்ணுக்குக் குறுக்கே நின்றேனே என்று வெட்கமாக இருந்தது. நேற்று நானே போன் செய்தேன். "நான் சொன்னது தப்புப்பா, பாப்பாவை அனுப்பி வை" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "பதில் சொல்ல நாலு நாள்தான் சார் பாக்கி இருக்கு. இன்னைக்கே சொல்லச் சொல்றேன்" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை வந்து கேட்டால், என்னைப் போல அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்